சேமித்த பாஸ்வேர்டு எங்கே கிடக்கிறது? ஆபீஸ் நெட்வொர்க்கின் உள்விவரம்

பாஸ்வேர்டை மாற்றும் தேதி வந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பில்லிங் பிரிவில் இருக்கும் அம்மா மாற்றுகிறார். மதியத்துக்குள் அவருடைய அக்கவுண்ட் லாக் ஆகிவிடுகிறது. ஐ.டி. ஆள் திறந்துவிடுகிறார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் லாக். "நான் தப்பா எதுவும் அடிக்கலையே சார்" என்று அவர் சொல்வது உண்மைதான். எப்போதோ ஒரு நாள் அவருடைய பெயரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்த ஏதோ ஒரு மெஷின்தான் அந்தப் பழைய பாஸ்வேர்டையே சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஐந்து முறையோ பத்து முறையோ, கம்பெனி வைத்த கணக்கு தாண்டியதும் சர்வர் அக்கவுண்டைப் பூட்டிவிடுகிறது.

விண்டோஸ் டொமைனில், அதாவது எல்லா மெஷின்களும் அக்கவுண்டுகளும் ஒரே மத்திய நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கில், இதற்கு ஒரு சலுகை உண்டு. தவறாக வந்த பாஸ்வேர்டு, அந்த ஆளின் கடைசி இரண்டு பழைய பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருந்தால் அதைத் தவறுகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டுகளால் வரும் தொல்லை தெரிந்துதான் மைக்ரோசாஃப்ட் இப்படி வைத்திருக்கிறது. அதைவிடப் பழையது எங்கேயாவது தங்கியிருந்தால் இந்தச் சலுகை கைகொடுக்காது. பல மாதமாகச் சத்தமில்லாமல் கிடந்த ஒன்று, அடுத்த பாஸ்வேர்டு மாற்றத்தன்று திடீரென்று தலைதூக்குவது இதனால்தான்.

தேடும் வழி ஐ.டி. ஆட்களுக்குத் தெரிந்ததுதான். டொமைன் கன்ட்ரோலர்களில், அதாவது லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்களில், பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பில் இருப்பதன் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைப் பார்க்க வேண்டும். எந்த மெஷினிலிருந்து தவறான பாஸ்வேர்டு வந்தது என்ற பெயர் அதில் இருக்கும். அந்த மெஷினுக்குப் போய் கன்ட்ரோல் பேனலில், சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைக் காட்டும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்தால் பாதி நேரம் குற்றவாளி அங்கேயே உட்கார்ந்திருக்கும். மீதி நேரம் அந்தப் பட்டியல் காலியாக இருக்கும், லாக் ஆவது மட்டும் நிற்காது. அப்போது சந்தேகப்பட வேண்டியது, விண்டோஸ் தனக்காகவே வைத்திருக்கும் சிஸ்டம் அக்கவுண்டை. யாரோ ஒருவர் முன்பு ஏதோ சாஃப்ட்வேர் போடும்போது பாஸ்வேர்டு சிஸ்டம் பெயரில் பதிவாகியிருக்கும். லாகின் செய்தவர் கண்ணுக்கு அது தெரியாது. பிஎஸ்எக்ஸெக் கருவியால் சிஸ்டம் பெயரிலேயே ஒரு கமாண்ட் விண்டோ திறந்து, அங்கிருந்து, சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்டும் கீ மேனேஜரை அழைத்தால்தான் வெளியே வரும். மெஷினின் பெயருக்குப் பதில் வைஃபை கன்ட்ரோலரின் பெயர் வந்திருந்தால், அந்த அம்மாவின் போனைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இது வரை வெறும் தலைவலி. இதே சேமிப்பைத்தான் திருட வருகிறவனும் தேடுகிறான் என்பதால் விஷயம் பெரிதாகிறது. சேமித்த பாஸ்வேர்டு எவ்வளவு கெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் அதிகம். அந்தப் பூட்டு யாருக்கெல்லாம் திறக்கும், திறந்தால் எத்தனை மெஷின் வரை போகலாம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால்தான் நிர்வாகம் செய்ய ஏதாவது கையில் கிடைக்கும்.

பூட்டும் அதன் சாவியும்

விண்டோஸில் சேமிக்கும் பாஸ்வேர்டுகள் அந்தந்த ஆளின் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் சிறு சிறு கோப்புகளாக, குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. குறியாக்கத்தைச் செய்வது டிபிஏபிஐ என்ற ஏற்பாடு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆளின் லாகின் பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி பிறக்கிறது. அந்தச் சாவி, மாஸ்டர் கீ என்ற இன்னொரு சாவியைப் பூட்டி வைக்கிறது. மாஸ்டர் கீயின் வழியாகத்தான் பாஸ்வேர்டுகள் பூட்டப்படுகின்றன. 90 நாளுக்கு ஒருமுறை புது மாஸ்டர் கீ உருவாகும். பழைய பொருள்களைத் திறக்க வேண்டுமே என்பதற்காகப் பழைய கீகளும் அப்படியே இருக்கும்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு இது நல்ல தடை. ஆனால் ஆள் லாகின் செய்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் பெயரில் ஓடும் எந்த ப்ரோகிராமும் "இதைத் திறந்து கொடு" என்று விண்டோஸைக் கேட்கலாம். விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்வரை வாசல் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் இருப்பது போலத்தான். அவர் மெயிலில் வந்த இன்வாய்ஸ் என்று நினைத்துத் திறந்த கோப்பும் "அவர் பெயரில் ஓடும் ப்ரோகிராம்"தான். இதை மைக்ரோசாஃப்டின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆளைக் கேட்காமலே அவர் வேலையைச் செய்து கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே பாஸ்வேர்டைச் சேமித்தோம்? அந்த வசதியோடு சேர்ந்தே வரும் பலவீனம் இது.

டிபிஏபிஐயில் இன்னொரு சாவி இருக்கிறது; அதைப் பற்றி ஐ.டி. பிரிவிலேயே பலர் யோசிப்பதில்லை. ஊழியர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, அட்மின் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், பழைய பாஸ்வேர்டால் பூட்டிய மாஸ்டர் கீ என்ன ஆகும்? அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு மாஸ்டர் கீயின் நகலும் டொமைன் கன்ட்ரோலரின் பொதுச் சாவியால் பூட்டப்பட்டு ப்ரொஃபைலிலேயே வைக்கப்படுகிறது. அதைத் திறக்கும் ரகசிய பேக்கப் கீ டொமைன் கன்ட்ரோலரில் இருக்கிறது. டொமைன் உருவான அன்று பிறந்த அந்தச் சாவி பிறகு மாறுவதே இல்லை. மாற்றுவதற்கு மைக்ரோசாஃப்ட் அங்கீகரித்த வழியும் இல்லை. அது திருடு போய்விட்டால், புது டொமைன் ஒன்றை உருவாக்கி எல்லா ஊழியர்களையும் அங்கே கொண்டுபோங்கள் என்பதுதான் அந்த நிறுவனமே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும் ஆலோசனை. ஒரு முறை டொமைன் அட்மின் அதிகாரத்தோடு யாராவது உள்ளே வந்துபோனால், அந்த டொமைனில் யார் எந்த மெஷினில் சேமித்த பாஸ்வேர்டு கோப்பையும் அவர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், கோப்பு கையில் கிடைத்தால் போதும். டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப் டேப்பை அலட்சியமாகப் போட்டு வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வேறொருவர் பெயரில் ப்ரோகிராமை ஓட்டும் ரன்ஆஸ் கமாண்டோடு, பாஸ்வேர்டைச் சேமிக்கச் சொல்லும் சேவ்கிரெட் என்ற வாலைச் சேர்த்து எழுதிய ஷார்ட்கட்டுகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய சாஃப்ட்வேர் ஒன்று அட்மின் அதிகாரம் இல்லாமல் ஓடாது என்று அடம்பிடிக்கும். ஊழியருக்கு அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லவும் மனமில்லை. அதனால் ஐ.டி. ஆள் டெஸ்க்டாப்பில் இப்படி ஒரு ஷார்ட்கட் போட்டு, பாஸ்வேர்டை ஒரு முறை தானே அடித்துவிட்டுப் போய்விடுவார். சேமிப்பு அந்த ஒரு சாஃப்ட்வேரோடு நிற்காது. அதே ஊழியர் அதே கமாண்டில் சாஃப்ட்வேரின் பெயருக்குப் பதில் கமாண்ட் விண்டோவின் பெயரை எழுதினால், அட்மின் அதிகாரத்தோடு கருப்புத் திரை திறந்துகொள்ளும். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாமலே அவர் அட்மின். இப்படி ஒரு ஷார்ட்கட் கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது; இதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது.

2017 ஜூன் 27

சேமித்த பாஸ்வேர்டுகள் ஒரு நெட்வொர்க்கை என்ன செய்யும் என்பதற்கு நாட்பெட்யா என்ற வைரஸைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. உக்ரைனில் கம்பெனிகள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய எம்.ஈ.டாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக அது உள்ளே வந்தது. எடர்னல்ப்ளூ என்ற ஓட்டையைப் பயன்படுத்தியது என்றுதான் செய்திகளில் அதிகம் வந்தது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே பேட்ச், அதாவது திருத்தம், கொடுத்துவிட்டது. பேட்ச் போட்டிருந்த மெஷின்களும் சேர்ந்து சாய்ந்ததற்குக் காரணம் வேறு.

நாட்பெட்யா தான் புகுந்த மெஷினின் நினைவகத்திலிருந்து, அங்கே லாகின் செய்திருந்தவர்களின் பாஸ்வேர்டுகளைத் திருடியது. அதோடு கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கும் பதிவுகளையும் வரிசையாக எடுத்துப் பார்த்தது. பெயர் டெர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்கினால் அது ரிமோட் டெஸ்க்டாப்புக்காகச் சேமித்த பாஸ்வேர்டு. அந்தப் பெயரின் அடுத்த பாதி, எந்த சர்வருக்கு என்பதையும் சொல்லிவிடும். போக வேண்டிய இடமும் அதற்கான சாவியும் ஒரே வரியில் கிடைத்தன. பிறகு பிஎஸ்எக்ஸெக்கும் டபிள்யுஎம்ஐயும் போதும். இரண்டும் வேறு மெஷின்களில் தொலைவிலிருந்து ப்ரோகிராம் ஓட்ட அட்மின்கள் தினமும் பயன்படுத்தும் கருவிகள். சரியான பாஸ்வேர்டோடு வரும் அட்மினை எந்த பேட்சும் தடுக்காது.

மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் இதில் மாட்டியது. 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களைப் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். நஷ்டம் 20 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் மதிப்பிட்டது. மும்பையை ஒட்டிய ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில், அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. உக்ரைனில் வரி கட்டும் சாஃப்ட்வேருக்கும் நவி மும்பையில் கன்டெய்னர் இறக்குவதற்கும் இடையே வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஒரே கம்பெனியின் நெட்வொர்க் என்பதைத் தவிர.

நினைவகத்தில் பாஸ்வேர்டு எப்படி வந்தது? லாகின் செய்த ஆள் ஒவ்வொரு சர்வருக்கும் மறுபடி மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம் என்பதற்காக, எல்சாஸ் என்ற விண்டோஸ் சேவை அதற்கு வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. டபிள்யுடைஜஸ்ட் என்ற பழைய முறைக்காக ஒரு காலத்தில் பாஸ்வேர்டை அசல் வடிவத்திலேயே படிக்கும்படி வைத்திருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த பெஞ்சமின் டெல்பி 2011-ல் வெளியிட்ட மிமிகாட்ஸ் என்ற கருவி அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. விண்டோஸ் 8.1 முதல் அந்த முறை அணைத்தே வருகிறது. 2014 மேயில் பழைய விண்டோஸ்களுக்கும் அணைக்கும் வசதி வந்தது. ஆனால் அது ரிஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டில், இருக்கும் ஓர் அமைப்பு மட்டுமே. மெஷினில் அட்மின் ஆகிவிட்டவன் அதை மறுபடி ஆன் செய்துவிட்டு, அடுத்த லாகினுக்காகக் காத்திருக்கலாம். அந்த ரிஜிஸ்ட்ரி மதிப்பு மாறினால் எச்சரிக்கை வரும்படி வைப்பது அதிகச் செலவில்லாத, பலன் தரும் காவல்.

விண்டோஸ் 10 எண்டர்ப்ரைஸில் வந்த கிரெடென்ஷியல் கார்டு இதைவிட உறுதியானது. டொமைன் லாகினின் ஹாஷையும் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீடு) கெர்பரோஸ் டிக்கெட்டையும் (லாகின் செய்தவருக்கு டொமைன் கொடுக்கும் நுழைவுச் சீட்டு) விண்டோஸின் பிற பகுதிகள் எட்டிப் பார்க்க முடியாத தனி மெய்நிகர் அறையில் வைக்கிறது. விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பிலிருந்து தகுதியுள்ள எண்டர்ப்ரைஸ் மெஷின்களில் தானாகவே ஆன் ஆகி வருகிறது. அப்படி ஆன் ஆனதும் ரிமோட் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த விண்டோஸ் பாஸ்வேர்டுகள் வேலை செய்யாமல் போகும், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று போன் வரும். இதை வைத்து எல்லா பாஸ்வேர்டும் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்சைட்டுகளுக்கும் பிற சாஃப்ட்வேர்களுக்கும் சேமிக்கும் பொது வகை பாஸ்வேர்டுகளை அது காப்பதில்லை. அவற்றை அசல் வடிவில் சாஃப்ட்வேருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் காக்கவும் முடியாது.

லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் ஆபீஸ் பாஸ்வேர்டில் லாகின் ஆகிறதே, அது வேறு சேமிப்பு. கடைசியாக லாகின் செய்த 10 பேருடைய சரிபார்ப்பு விவரத்தை விண்டோஸ் வைத்துக்கொள்ளும். அதை அப்படியே எடுத்து வேறு மெஷினில் பயன்படுத்த முடியாது, உட்கார்ந்து உடைத்துப் பார்க்கத்தான் முடியும். எண்ணிக்கையை ஒன்றிரண்டாகக் குறைக்கலாம். லேப்டாப்புகளில் பூஜ்யமாக்கினால் ஊழியர் ரயிலில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. டொமைன் அட்மின்கள் சாதாரண லேப்டாப்பில் லாகின் செய்யாமல் இருந்தாலே இந்தக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அட்மின்களே சேமித்து வைத்தவை

ஊழியர்கள் "சேமி" என்று அழுத்துவதைக் குறை சொல்வது எளிது. பெரிய சேதத்தைச் செய்யக்கூடிய பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்தவர்கள் பெரும்பாலும் ஐ.டி. பிரிவினரே என்பது என் கருத்து. இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்டும் விதிவிலக்கில்லை.

எல்லா மெஷின்களுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்புவது க்ரூப் பாலிசி. விண்டோஸ் சர்வர் 2008-ல் அதில் க்ரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸஸ் என்ற வசதி வந்தது. ஆயிரம் மெஷின்களின் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை ஒரே இடத்திலிருந்து மாற்றலாம். அட்மின்கள் மகிழ்ந்தார்கள். அந்தப் பாஸ்வேர்டு சிஸ்வால் என்ற பொது ஃபோல்டரில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டது. டொமைனில் லாகின் உள்ள யாரும், வரவேற்பறையில் இருப்பவர் உட்பட, அந்த ஃபோல்டரைப் படிக்கலாம். 256 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் செய்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் உலகம் முழுவதும் எல்லா கம்பெனிக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியும் மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் ஆவணத்தில் அச்சாகியிருந்தது. 2014 மேயில் எம்எஸ்14-025 என்ற பேட்ச் வந்தது. அது இனிமேல் புதிதாகப் பாஸ்வேர்டு எழுதுவதைத் தடுத்ததே தவிர, ஏற்கெனவே எழுதியிருந்த கோப்புகளைத் தொடவில்லை. பழைய டொமைன் வைத்திருப்பவர்கள் சிஸ்வால் ஃபோல்டரில் சிபாஸ்வேர்டு என்ற சொல்லைத் தேடிப் பார்க்க இன்றைக்கும் காரணம் இருக்கிறது.

எல்லா மெஷினுக்கும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு என்ற பழக்கத்துக்கு மாற்றாக 2015-ல் மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் என்ற கருவி இலவசமாக வந்தது. ஒவ்வொரு மெஷினும் தன் பாஸ்வேர்டைத் தானே உருவாக்கி, தானே அவ்வப்போது மாற்றி, டொமைனின் மையப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் எழுதி வைக்கும். அனுமதி உள்ளவர் மட்டும் அங்கே பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. பாஸ்வேர்டு சேமிக்கப்படுவது இங்கும் நடக்கிறது. ஆனால் ஒன்று போனால் ஒரு மெஷின்தான் போகும். இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சர்வர்களில் ஓடும் சேவைகளுக்குக் கொடுக்கும் பாஸ்வேர்டுகள் ரிஜிஸ்ட்ரியின் ஒரு மூலையில் எல்எஸ்ஏ ரகசியங்களாகத் தங்குகின்றன. அந்த சர்வரில் அட்மின் ஆனவர் எடுத்துவிடலாம். பேக்கப் சாஃப்ட்வேர் நிறுவ வந்தவர் "டொமைன் அட்மின் கொடுங்க, அப்பதான் ஓடும்" என்று சொல்லி, அப்படியே கொடுத்துவிட்டு மறந்திருப்பார்கள். அந்த ஒரு சர்வர் விழுந்தால் டொமைனே விழும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் இருக்கும் குழு நிர்வாகச் சேவை அக்கவுண்ட், அதாவது ஜிஎம்எஸ்ஏ, இதற்கு நல்ல மாற்று. பாஸ்வேர்டை டொமைனே உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடும். எந்த மனிதருக்கும் அது தெரியாது. பழைய சாஃப்ட்வேர்கள் பல இதை ஏற்காது என்பதுதான் சிக்கல்.

பிரிண்டர்களை யாரும் கம்ப்யூட்டராக நினைப்பதில்லை. ஸ்கேன் செய்த தாள் நேராக சர்வர் ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்றால் பிரிண்டருக்குள்ளும் ஒரு பாஸ்வேர்டு சேமித்திருக்க வேண்டும். அதன் நிர்வாகப் பக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து வந்த அதே பாஸ்வேர்டு இருந்தால், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் சர்வர் முகவரியைத் தன் லேப்டாப்பின் முகவரியாக மாற்றலாம். பிரிண்டர் நல்ல பிள்ளையாகச் சேமித்த பாஸ்வேர்டோடு அங்கே வரும். அந்த அக்கவுண்டுக்கு அந்த ஒரு ஃபோல்டரில் எழுதும் உரிமை மட்டும் இருந்தால் நஷ்டம் சின்னது.

ஸ்கிரிப்டுகளுக்குள் எழுதிய பாஸ்வேர்டு பற்றி உபர் சம்பவம் நினைவுக்கு வரும். 2022 செப்டம்பரில் ஊடுருவியவர் வெளியே சொன்னதன்படி, பொது ஃபோல்டரில் கிடந்த ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டில், கம்பெனியின் எல்லா ரகசியப் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் பெட்டகச் சாஃப்ட்வேரின் அட்மின் பாஸ்வேர்டு இருந்தது.

பிரவுசர் என்ற பின்வாசல்

ஆக்டா என்ற நிறுவனம் பிற கம்பெனிகளுக்கு லாகின் சேவை கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறது. 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் கோப்புகளை வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் பாதிக்கப்பட்டன. காரணமாக அந்த நிறுவனமே சொன்னது இது: ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பின் குரோம் பிரவுசரில் தன் சொந்த கூகுள் அக்கவுண்டில் லாகின் செய்திருந்தார். ஆபீஸின் சர்வீஸ் அக்கவுண்ட் ஒன்றின் பாஸ்வேர்டு அந்தச் சொந்த அக்கவுண்டுக்குள் சேமிப்பாகிவிட்டது.

2022 மேயில் சிஸ்கோவிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. ஊழியரின் சொந்த கூகுள் அக்கவுண்டைக் கைப்பற்றியவர்களுக்கு, பிரவுசரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்த ஆபீஸ் பாஸ்வேர்டும் கிடைத்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை, போனில் பேசி ஏமாற்றியும் அனுமதி கேட்டுத் திரும்பத் திரும்ப நச்சரித்தும் கடந்தார்கள்.

ஊழியர் விதி எதையும் மீறியதாகவே உணர்ந்திருக்க மாட்டார். குரோம் கேட்டது, சரி என்றார். வீட்டில் உள்ள கம்ப்யூட்டரிலும் அதே அக்கவுண்ட், பையன் கேம் விளையாடும் மெஷினிலும் அதே அக்கவுண்ட். ஆபீஸில் ஃபயர்வாலுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்து, பாஸ்வேர்டு மட்டும் பையனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும்.

ஆக்டா செய்த திருத்தம் எளிமையானது. குரோமின் எண்டர்ப்ரைஸ் அமைப்பில், ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த கூகுள் ப்ரொஃபைலில் லாகின் செய்வதையே தடுத்துவிட்டார்கள். குரோமுக்கும் எட்ஜுக்கும் க்ரூப் பாலிசியில் இதற்கு வழி இருக்கிறது: எந்த டொமைன் முகவரியில் மட்டும் பிரவுசரில் லாகின் செய்யலாம் என்று குறிப்பிடலாம், ஒத்திசைவை நிறுத்தலாம், பாஸ்வேர்டு சேமிப்பை முழுதாக அணைக்கலாம். கடைசியாகச் சொன்னதில் மட்டும் அவசரம் வேண்டாம். பிரவுசரில் சேமிக்கவிடாமல் செய்துவிட்டு மாற்று எதுவும் கொடுக்கவில்லை என்றால், ஒரு வாரத்தில் எல்லாருடைய டெஸ்க்டாப்பிலும் ஓர் எக்ஸெல் கோப்பு முளைக்கும். அதற்குக் குறியாக்கம்கூட இருக்காது. முதலில் கம்பெனி சார்பில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகச் சாஃப்ட்வேர்), பிறகு தடை என்ற வரிசைதான் நடைமுறையில் நிற்கிறது.

பாஸ்வேர்டு மேனேஜரும் தப்பவில்லை என்று லாஸ்ட்பாஸைக் காட்டுவார்கள். 2022-ல் அங்கே வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் களவு போயின. தேவையான சாவிகள் நான்கே ஊழியர்களிடம் இருந்தன. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் மீடியா சாஃப்ட்வேர் ஒன்றின் ஓட்டை வழியாக, அடிக்கும் எழுத்துகளைப் பதிவு செய்யும் கீலாகர் நுழைந்தது. அதற்காக எக்ஸெல் கோப்பு மேல் என்று ஆகிவிடாது. யார் எதைப் பார்த்தார் என்ற பதிவும், ஒரே சொடுக்கில் அனுமதியைத் திரும்பப் பெறும் வசதியும் வேறெங்கும் இல்லை.

எண்ணிப் பார்ப்பதும் நீக்குவதும்

எல்லா மெஷின்களிலும் யார் யார் என்னென்ன சேமித்திருக்கிறார்கள் என்று ஒரே திரையில் காட்டும் வசதியை விண்டோஸ் தரவில்லை. அட்மின் என்பதாலேயே இன்னொருவரின் சேமிப்பைத் திறக்கவும் முடியாது, பூட்டு அந்த ஆளின் பெயரில் இருக்கிறது. தொலைவிலிருந்து பவர்ஷெல்லில் நுழைந்து, சேமித்தவற்றைப் பட்டியலிடும் சிஎம்டிகீ கமாண்டை அடித்தால் அந்த ஊழியரின் பட்டியல் வராது. ஊழியர் லாகின் செய்யும்போது அவர் பெயரிலேயே ஓடும் லாகான் ஸ்கிரிப்டில் சிஎம்டிகீ லிஸ்ட் என்று எழுதி, விடையை ஒரு ஃபோல்டரில் சேர்ப்பதுதான் வழி. எந்த சர்வருக்கு, என்ன வகை, யார் பெயரில் என்பது மட்டும் வரும், பாஸ்வேர்டு வராது. அந்த ஃபோல்டரில் ஊழியர்களுக்கு எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள், படிக்கும் உரிமை வேண்டாம். யார் எங்கே எதைச் சேமித்தார் என்ற பட்டியல் திருடனுக்கு வரைபடம்.

பட்டியல் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடத் தோன்றும். அதில் ஆபீஸ் 16 என்ற பெயரோடும் ஒன்டிரைவ் என்ற பெயரோடும் இருப்பவை அவுட்லுக்கும் டீம்ஸும் தங்களுக்காக வைத்துக்கொண்டவை. அவற்றையும் சேர்த்து அழித்தால் திங்கட்கிழமை காலையில் கம்பெனி முழுக்க லாகின் கேட்கும். டெர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்குபவை, வேறு ஒருவரின் பெயரில் இருப்பவை, அட்மின் என்ற சொல் உள்ளவை என்று பொறுக்கி நீக்குவது உத்தமம்.

நெட்வொர்க் பாஸ்வேர்டுகளைச் சேமிப்பதையே தடுக்கும் பாதுகாப்பு அமைப்பும் க்ரூப் பாலிசியில் இருக்கிறது. ஊழியர்களின் மெஷின்களில் அதை ஆன் செய்யலாம். சர்வர்களில் ஆன் செய்யும்முன் ஷெட்யூல்டு டாஸ்க்குகளைப் பாருங்கள். ஆள் லாகின் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்று அமைத்த டாஸ்க்குக்குப் பாஸ்வேர்டு சேமிப்பு தேவை. புதிதாக ஒன்றை உருவாக்கப் போனால், குறிப்பிட்ட லாகான் செஷன் இல்லை என்று சம்பந்தமே இல்லாதது போல ஒரு பிழை வரும். காரணம் இந்தப் பாலிசிதான் என்று கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும்.

இன்னொரு பக்கம், சேமிக்கும் தேவையையே குறைக்கலாம். டொமைனில் சரியாகச் சேர்ந்த மெஷினிலிருந்து டொமைன் சர்வருக்குப் போக எந்தப் பாஸ்வேர்டும் சேமிக்க வேண்டியதில்லை; காலையில் வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட், வழக்கமாக 10 மணி நேரம், போதும். பட்டியலில் உள்ளூர் சர்வர்களுக்கான பாஸ்வேர்டு நிறைய இருந்தால், ஐபி எண்ணை வைத்து டிரைவ் இணைத்திருப்பார்கள், அல்லது டொமைனில் சேராத என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பகம்) ஒன்று இருக்கும். அதைச் சரி செய்தால் சேமிப்புகள் தாமாகவே தேவையற்றுப் போகும்.

90 நாளுக்கு ஒருமுறை எல்லாரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்ற விதியும் இந்தத் தொல்லையை வளர்க்கிறது. தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் காரணமில்லாத கட்டாய மாற்றம் வேண்டாம் என்றது. மைக்ரோசாஃப்டும் 2019-ல் தன் பரிந்துரைகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. நாள்காட்டியைப் பார்த்து மாற்றுவதை விட்டுவிடலாம் என்பதே என் கட்சியும். ஆனால் காரணம் வந்தால் மாற்றியே ஆக வேண்டும், அங்கேதான் பல கம்பெனிகள் கோட்டை விடுகின்றன.

ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாள் அப்படி ஒரு காரணம். டொமைன் அக்கவுண்டை முடக்குவது ஐந்து நிமிட வேலை, அது நடந்துவிடும். அவர் பிரவுசரில் சேமித்திருந்த ஜிஎஸ்டி தளத்தின் லாகின், கூரியர் கம்பெனியின் தளம், மூன்று பேர் சேர்ந்து பயன்படுத்திய பேங்க் பார்வை லாகின் எல்லாம் டொமைனுக்கு வெளியே இருப்பவை. அவற்றின் பாஸ்வேர்டு மாறும்வரை அவர் வீட்டிலிருந்தும் வேலை செய்யும். அவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, அவருடைய வீட்டு மெஷினில் திருட்டு சாஃப்ட்வேர் ஒன்று இருந்தால் போதும்.

2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுச் சேவையின் வாடிக்கையாளர்கள் பலர் தாக்கப்பட்டபோது நடந்தது இதுதான். சுமார் 165 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரித்த மாண்டியண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டது. ஸ்னோஃப்ளேக்கின் சர்வரை யாரும் உடைக்கவில்லை. பாஸ்வேர்டுகள் இன்ஃபோஸ்டீலர் வைரஸ்கள் திருடியவை. சில, ஒப்பந்தக்காரர்கள் விளையாட்டுக்கும் திருட்டு சாஃப்ட்வேருக்கும் பயன்படுத்திய சொந்தக் கம்ப்யூட்டர்களிலிருந்து போனவை. பாதிக்கப்பட்ட அக்கவுண்டுகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. திருட்டுகளில் மிகப் பழையது 2020 நவம்பரில் நடந்தது. இடையில் யாரும் மாற்றாததால், அந்தப் பாஸ்வேர்டுகள் 2024-லும் அப்படியே வேலை செய்தன.